ஒட்டாத சிவப்பு

இராசம்மாவின் வலது கால் இடது காலைவிடக் கொஞ்சம் பருமன். அது பிறவிக் கோளாறு இல்லை, பங்களாக் கோளாறு. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில், பெரிய துரையின் பங்களாவில் பதினொரு வருசம் தரை தேய்த்தவள் அவள். சிவப்புச் சிமெண்டுத் தரை. முதல் நாள் டின்னிலிருந்து சிவப்பு மெழுகுப் பொலிஷைக் கிள்ளி எடுத்துத் துணியால் பூசிவிட வேண்டும். மறுநாள், பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையில் வலது காலை வைத்துக்கொண்டு, இடுப்பில் கையை ஊன்றி, முன்னும் பின்னுமாக உரசிக்கொண்டே அறை அறையாகப் போக வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒற்றைக் காலில் கூத்தாடுகிற மாதிரி இருக்கும். வேலை முடிந்தால் ஜன்னலும் அதற்கு வெளியே உள்ள வானமும் தரையில் தெரியும்.

துரைசாணி வளர்த்த வெள்ளை நாய்க்குட்டிக்கு மட்டும் நாலு பாதமும் எப்போதும் சிவப்பாகவே இருக்கும். வருகிற விருந்தாளிகள் அது அந்த ஜாதி நாயின் இலட்சணம் என்று நினைத்துக்கொண்டு, தூக்கிப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போவார்கள். இராசம்மா குசினிக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அந்த நாயை அவள் ஞாபகத்தில் வைத்திருந்திருக்க வேண்டும். மனுஷ ஜென்மம், மறந்துபோனாள்.

அவள் புருஷன் ஜோர்ஜ் அதே பங்களாவில் கார் ஓட்டினான். ஐம்பத்தேழாம் வருசம் துரை மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குப் புறப்பட்டபோது, பத்தொன்பது வருசப் பழசான அந்த ஹில்மன் காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போக அவருக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது? ஜோர்ஜின் கையில் இருந்த காசை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டார். போனால் போகிறதென்று தன்னுடைய பழைய பிளனல் காற்சட்டை இரண்டையும் கொடுத்தார். துரை ஆறடிக்கு மேல், ஜோர்ஜ் ஐந்தடிக்குச் சற்று மேல். காற்சட்டை இரண்டும் டிரங்குப் பெட்டிக்குள் போயின.

புருஷனும் பெண்சாதியும் தோட்டத்தைவிட்டு ஹட்டனுக்கு வந்தார்கள். ஸ்டேசன் முன்னால் வாடகைக் கார்கள் நிற்கிற இடத்தில் ஜோர்ஜ் தன் காரை நிறுத்தினான். குடியிருக்க, ஹமீத் நானாவின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. சின்ன அறைதான், கூரையும் ஒழுகும். ஆனால் அதற்கு ஒரு ஜன்னல் இருந்தது.

தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக் காம்பிராவுக்கு, அந்த ஒற்றை அறைக்கு, ஜன்னல் கிடையாது. ஒரு கதவு, உள்ளே அடுப்பு, அடுப்புப் புகை போக வழி தேடி ஆட்களின் நெஞ்சுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். இராசம்மா பிறந்தது அப்படியொரு காம்பிராவில். அவள் பெற்ற ஒரே பிள்ளை ஏழு மாதத்தில் இருமி இருமிச் செத்ததும் அப்படியொரு காம்பிராவில். காய்ச்சல் என்றார் தோட்டத்து டிஸ்பென்சர். இராசம்மா அதை நம்பவில்லை. ஒரு ஜன்னல் இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்பது அவள் எண்ணம், அதை யாராலும் அவளிடமிருந்து பிடுங்க முடியவில்லை. ஹட்டன் அறைக்கு வந்த முதல் நாள் அந்த இரட்டைக் கதவு ஜன்னலைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள். கொல்லையில் கார் நிற்பது அதன் வழியாகத் தெரிந்தது.

கார் வந்தபோது நல்ல அரக்குச் சிவப்பு. பங்களாக் கராஜுக்குள் வெயில் மழை தெரியாமல் சீராட்டி வளர்ந்த கார் அது. ஸ்டேசன் முற்றத்தில் யார் சீராட்டுவார்கள்? காலையில் பனி, பகலில் வெயில், பின்னேரம் மழை. ஒரே வருசத்தில் அரக்கு செங்கல் நிறமாயிற்று. மூன்றாம் வருசம் வெளிறி ஒருமாதிரி ரோஸ் நிறத்துக்கு வந்து நின்றது. தொட்டால் விரலில் மாவு மாதிரித் தூள் ஒட்டும். பக்கத்தில் கார் நிறுத்துகிற பொன்னையா கறுப்பு ஒஸ்டின் வைத்திருந்தான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஜோர்ஜ் அண்ணே, ஒங்க காருக்குத் தெனமும் பவுடர் போட்டு விடுறது அக்காவா, நீங்களா?"

அன்றிலிருந்து அது பவுடர் கார். ஆட்டுக்குட்டி, உருளைக்கிழங்கு மூட்டை, வாந்தியெடுக்கிற நோயாளி என்றால் பவுடர் கார். பொண்ணு மாப்பிள்ளை என்றால் பொன்னையாவின் ஒஸ்டின். ஆட்டுக்குட்டியை நம்பி எத்தனை நாளைக்கு ஒரு காரை ஓட்டுவது? அறுபதாம் வருசம் தவக்காலத்தில் ஒரு நாள் ஜோர்ஜ் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்.

"ஈஸ்டர் முடிஞ்சு வர்ற கலியாணங்கள்ல ஒண்ணாவது நமக்கு விழுதான்னு பாப்போம். விழலன்னா கண்டிக்காரனுக்குக் குடுத்துர வேண்டியதுதான். அவன் பழைய காரைப் பிரிச்சு விக்கிறவன், ரெண்டு தரம் கேட்டுட்டான். தோட்டத்துல லொறிக்கு ஆள் வேணுமாம். வீடும் தர்றாங்க."

"எங்க வீடு?"

"லயத்துலதான். பின்ன என்ன, பங்களாவுலயா தருவாங்க?"

அவன் கை கழுவப் போனதும் இராசம்மா எழுந்துபோய் ஜன்னலண்டை நின்றுகொண்டாள். செத்தாலும் திரும்பிப் போக மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஈஸ்டர் முடிந்த மறு சனிக்கிழமை நல்லமுத்து வாத்தியார் ஸ்டேசனுக்கு வந்தார். புதன்கிழமை காலையில் அவருடைய மகள் டோரீனுக்குக் கலியாணம். மாப்பிள்ளை றோலண்ட், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிளாக்கர். பொன்னையாவின் கார் அன்றைக்குப் பொகவந்தலாவையில் வேறொரு கலியாணத்துக்குப் போகிறது. வாத்தியாருக்கு வேறு வழியில்லை. ஜோர்ஜின் காரைச் சுற்றி வந்தார், மட்காட்டில் ஒரு விரலால் கோடு இழுத்தார், விரலைப் பார்த்தார்.

"எம் மக வெள்ளைச் சேலையில வருவா, ஜோர்ஜ்."

"புதன்கெழமை பாருங்க மாஸ்டர். புதுக் கார் மாதிரி கொண்டாந்து நிறுத்துறேன்."

சொல்லிவிட்டானே தவிர, வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். புதிதாகச் சாயம் அடிப்பதென்றால் கண்டிக்குத்தான் போக வேண்டும், ஒரு கிழமை பிடிக்கும். இருப்பது மூன்றே நாள். இராசம்மா கொல்லைக்குப் போனாள். காரின் கூரையில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். பொலிஷ் காணாத தரை எப்படிக் கிடக்குமோ அப்படிக் கிடந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இத எங்கிட்ட விட்டுருங்க" என்றாள்.

ஹமீத் நானாவின் கடையில் சிவப்புத் தரைப் பொலிஷ் அடுக்கடுக்காக இருக்கும். பங்களாக்களுக்கெல்லாம் அவர்தான் அனுப்புகிறவர். இரண்டு டின் வாங்கி வந்தாள். திங்கட்கிழமை ஜோர்ஜ் காரை வெளியே எடுக்கவில்லை. காரைக் கழுவிக் காயவைத்து, மூக்கிலிருந்து வால் வரை பொலிஷ் பூசினாள். வறண்டு கிடந்த கார் குடித்தது குடித்தபடியே இருந்தது. செவ்வாய்க்கிழமை துணியால் தேய்த்தாள். காலால் தேய்க்க முடியாத தரையை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். தோள்பட்டை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. ஆனால் பின்னேரம் ஜன்னலைத் திறந்து பார்த்தபோது, கார்க் கதவில் அந்த ஜன்னலே தெரிந்தது. ஜோர்ஜ் வந்து பார்த்தான், இரண்டு தரம் சுற்றி வந்தான். ஹமீத் நானா கடையை விட்டுவிட்டு வந்து, "தங்கச்சி, துரை பாத்தா திருப்பிக் கேட்டுருவாரு" என்று சிரித்தார். அவ்வளவு சந்தோசத்தில் நாய்க்குட்டி எங்கே ஞாபகம் வரப் போகிறது?

புதன்கிழமை காலையில் தூறல். இராசம்மா தன்னிடம் இருந்த ஒரே நல்ல சேலையை, சந்தன நிறம், கரை வைத்தது, கட்டிக்கொண்டு முன்கூட்டியே கோயிலடிக்குப் போய்விட்டாள். கலியாணம் பார்க்க அல்ல, கார் வருவதைப் பார்க்க. வெள்ளை ரிப்பனும் மலைப் பூக்கொத்துமாக அது ஏற்றத்தில் திரும்பி வந்தபோது, "யாரு காரு இது?" என்று இரண்டு பேர் கேட்டது அவள் காதில் விழுந்தது. பொண்டாட்டி வேலை புருஷனுக்குப் பேர் வாங்கித் தருகிறதே என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

டோரீன் இறங்கினாள். பத்தொன்பது வயசு, மெல்லிய உடம்பு, வெள்ளைப் பட்டுச் சேலை, தலையில் வெள்ளை வலை முக்காடு. குடை விரிக்கும்வரை, பூங்கொத்து வந்து சேரும்வரை, முக்காட்டை ஒருத்தி சரிசெய்யும்வரை, கால் வலித்தோ என்னவோ, மட்காட்டில் லேசாகச் சாய்ந்துகொண்டு நின்றாள். பிறகு கோயில் வாசலை நோக்கி நடந்தாள்.

அவள் பின்பக்கத்தை முதலில் கண்டது இராசம்மாதான். இடுப்புக்குக் கீழே, வெள்ளைச் சேலையில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு.

அடுத்தாற்போல் கண்டது மாப்பிள்ளையின் அத்தை மரியாயி. அந்த இடத்தில் அந்த நிறத்தைப் பார்த்தால் எந்தப் பொம்பளையும் ஒன்றைத்தான் நினைப்பாள். மரியாயி வாயில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவளின் காதைத் தேடினாள். அந்தக் காதிலிருந்து இன்னொரு காது. டோரீன் கூட்டம் தன்னையே பார்ப்பதைக் கண்டு, பயந்துபோய்த் திரும்பி, சேலையை முன்னால் இழுத்துப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. அவளுக்குமே தன் உடம்பின் மேல்தான் சந்தேகம் வந்தது, பாவம்.

"இந்த நெலமையில பீடத்துக்கிட்ட எப்பிடிப் போறது? இன்னொரு நாளைக்கு வச்சுக்கிருவோம்" என்றாள் மரியாயி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. வாத்தியார் குடையைப் பிடித்தபடி சிலையாக நின்றார். ஆம்பளை என்னத்தைப் பேசுவார்?

இராசம்மாவுக்கு நாய்க்குட்டியின் நாலு பாதமும் கண்முன் வந்து நின்றன. காரை யாரும் பார்க்கவில்லை, எல்லாக் கண்ணும் பெண்ணின் மேல்தான். வாயை மூடிக்கொண்டு இருந்தால் கார் தப்பிக்கும். இந்தப் பளபளப்பை மெச்சி நாலு கலியாணக்காரர்கள் கூப்பிடுவார்கள், ஜன்னல் தங்கும். வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு. ஆனால் அந்தப் பெண்ணை இந்தக் கறை விடாது. பத்துப் பிள்ளை பெற்றுப் பாட்டியானாலும், கோயில் வாசலில் தீட்டோடு நின்றவள் என்றுதான் மஸ்கெலியாவில் பேசுவார்கள். அவள் அழுகையை அடக்கிக்கொண்டு உதட்டைக் கடிப்பதை இராசம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு காரண்டை போனாள். ஜோர்ஜ் அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தான். அவள் தன் முந்தானையைச் சுருட்டிக் கார்க் கதவில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்தித் துடைத்தாள். பிறகு அதை விரித்து உயர்த்திப் பிடித்தாள். சந்தன முந்தானை முழுக்கச் சிவப்பு.

"பாத்துக்கங்க. அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. இது தரைக்குப் போடுற பொலிஷ். நான்தான் காருக்குப் பூசுனேன். காருலருந்துதான் ஒட்டிக்கிருச்சு."

முதலில் யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு கோயிலடியே சிரித்தது. மரியாயிக்கு அசிங்கமாகப் போய்விட்டது, அந்தக் கோபத்தையெல்லாம் இராசம்மாவின் மேல் கொட்டித் தீர்த்தாள். அறிவு கெட்டவளே என்றாள், லயத்துக் கழுதைக்குக் கார் ஒரு கேடா என்றாள். இராசம்மா வாங்கிக்கட்டிக்கொண்டு நின்றாள். இதற்கிடையில் பெண்கள் முக்காட்டை இறக்கிக் கறையை மறைத்து டோரீனை உள்ளே அழைத்துப் போனார்கள். போகிற போக்கில் டோரீன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பூசை தொடங்கி மணியடித்தது. இராசம்மா உள்ளே போகாமல் தூறலில் நடந்து வீட்டுக்கு வந்தாள்.

பொண்ணும் மாப்பிள்ளையும் கோயிலிலிருந்து வேறு காரில் போனார்கள். மறுநாள் ஸ்டேசனில் பொன்னையா, "அண்ணே, தேங்கா மட்ட கொண்டாந்தீங்களா?" என்று கேட்டான். அன்று முழுக்க ஜோர்ஜுக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கவில்லை. ஏற வந்த ஒரே ஒருத்தரும் காரைப் பார்த்ததும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு விலகிப் போனார். பொழுது சாய்கிற நேரத்தில் வீட்டுக்கு வந்து சொன்னான்.

"தபால் கந்தோருக்குப் போய்க் கண்டிக்காரனுக்கு டெலிபோன் பண்ணிட்டேன். ஞாயித்துக்கெழம காலைக் கோச்சியில வர்றான்."

"நான் வேணும்னு செய்யலிங்க."

"தெரியும்" என்றான். "நீ சொன்னதும் சரிதான். அதுக்காகச் சந்தோசப்படச் சொல்லாத."

காரை அந்தக் கோலத்தில் அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் மண்ணெண்ணெயும் கந்தலுமாக இறங்கிப் பொலிஷை முழுக்கத் துடைத்தெடுத்தாள். பழைய ரோஸ் நிறம் பல்லை இளித்தது. களைத்துப்போய்க் குழாயடிக்கு வந்து, உள்ளங்கையில் வெள்ளைப் பல்பொடியைக் கொட்டிப் பல் துலக்கத் தொடங்கியபோது, மட்காட்டில் ஒரு சிவப்புத் திட்டு மீந்திருப்பது கண்ணில் பட்டது. பல்பொடி விரலாலேயே போய் அதைத் தேய்த்தாள். திட்டு போயிற்று. அந்த இடத்தில் அரைச் சதக் காசளவுக்கு ஆழமான அரக்குச் சிவப்பு தெரிந்தது.

வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டாள். நிறம் செத்துப் போகவில்லை, உள்ளேதான் இருந்திருக்கிறது! வெயில் தின்ற மேல்தோல்தான் தூளாக உட்கார்ந்து மறைத்துக்கொண்டிருந்தது. அவளோ அந்தத் தூளை எடுக்காமல் அதன் மேலேயே சாயத்தைப் பூசியிருக்கிறாள். குப்பையைக் கூட்டாமல் மெழுகு போடுகிற பங்களா வேலைக்காரியை அவள் எத்தனை தடவை ஏசியிருப்பாள்!

டிரங்குப் பெட்டியிலிருந்து துரையின் பிளனல் காற்சட்டைகள் வெளியே வந்தன. கால் வேறு கை வேறாக அல்ல, கால் வேறு இடுப்பு வேறாகக் கிழிந்தன. ஹமீத் நானாவிடம் போய்ப் பல்பொடிப் பெட்டிகள் கேட்டாள்.

"எத்தன?"

"இருக்கிறதெல்லாம்."

"காருக்குப் பல்லு மொளச்சிருக்கா தங்கச்சி?" என்றார். ஆனாலும் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார்.

ஈரப் பிளனலில் பொடியைத் தொட்டு, ஓர் இடத்தைச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்து, தண்ணீர் விட்டுக் கழுவி, வேறு துணியால் துடைத்து, அடுத்த இடத்துக்கு நகர்ந்தாள். தூளெல்லாம் சேறாக வழிந்தது. பிறகு வெள்ளைத் தலையணை உறையைக் கையில் மாட்டிக்கொண்டு அழுத்தித் துடைப்பாள். உறையில் நிறம் பட்டால் திரும்பவும் கழுவித் துடைப்பாள். படாமல் போகும்வரை அந்த இடத்தை விட மாட்டாள். மேலே மெழுகு, எண்ணெய் எதையும் பூசவில்லை. மட்காட் விளிம்பில் இரண்டு இடத்தில் அழுத்தம் கூடி அடிப்பூச்சு சாம்பலாக எட்டிப் பார்த்தது. அதற்கு அவள் அழவில்லை. வெள்ளியும் சனியும் போயின. ஞாயிறு காலையில் பூசைக்குப் போகாமல் கூரையை முடித்தாள்.

ஜோர்ஜ் சுற்றி வந்து பார்த்தான். துரை காலத்தில் இருந்ததைவிடச் சற்று மெல்லிய நிறம், ஆனால் அதே சிவப்பு.

"நல்லாத்தான் இருக்கு" என்றான். "ஆனா ஹட்டன்ல இனி எவன் நம்பிச் சாய்வான்?"

காரை ஸ்டேசனுக்கு ஓட்டிப் போனான். இராசம்மா பின்னால் நடந்து போனாள். போகிற காரை வழியனுப்பாமல் இருக்க முடியுமா? கோச்சி ஊதிக்கொண்டு ஸ்டேசனுக்குள் வந்தது. கண்டிக்காரன் இறங்கி, ஜோர்ஜிடம் சாவியை வாங்கி, பொனட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, விரல் முட்டியால் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தான். பொன்னையாவும் மற்ற டிரைவர்மாரும் வட்டம் கட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள். சந்தைக்குப் போகிற ஒருத்தி பவுடர் காரைத் தாண்டும்போது சேலையைக் கையில் அள்ளிக்கொண்டு போனாள்.

பூசை விட்டு வருகிற கூட்டத்தில் நல்லமுத்து வாத்தியார் வந்தார். பின்னால் டோரீனும் றோலண்டும், ஒரு டிரங்குப் பெட்டியும், மரியாயியும். பெண்ணை மஸ்கெலியாவுக்கு அழைத்துப் போகிறார்கள். டோரீன் அன்றும் வெள்ளைச் சேலைதான் கட்டியிருந்தாள். வாத்தியார் நேரே பொன்னையாவின் ஒஸ்டினை நோக்கி நடந்தார். டோரீன் நடக்கவில்லை. இராசம்மா நிற்பதையும் கார் நிற்பதையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இந்தப் பக்கம் வந்தாள்.

"அக்கா, இந்தக் காரு மஸ்கெலியாவுக்கு வருமா?"

"கிட்டப் போகாதீங்கம்மா" என்றாள் இராசம்மா. தலையணை உறையை அத்தனை தடவை பார்த்தவளுக்கே அந்த நேரத்தில் நம்பிக்கை இல்லை. "டோரீன், ஒனக்கென்ன பைத்தியமா?" என்று மரியாயி பின்னாலிருந்து சத்தம் போட்டாள்.

டோரீன் திரும்பி நின்று, அதே மட்காட்டில், முதுகும் இடுப்பும் முழுக்கப் பதியச் சாய்ந்துகொண்டாள். ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம் அப்படியே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, ஸ்டேசன் முழுவதற்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"பாத்துச் சொல்லுங்கக்கா. சத்தமாச் சொல்லுங்க."

இராசம்மா தோளிலிருந்து கால்வரை பார்த்தாள். குனிந்து, மடிப்பைப் பிரித்து, திரும்பவும் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றாள். "ஒண்ணுமே ஒட்டலம்மா." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. டோரீன் திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜோர்ஜ் கண்டிக்காரனின் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, டோரீன் ஏறுவதற்குப் பின்கதவைத் திறந்துவிட்டான்.